கொழிஞ்சிப்பாளையம் சாய்ந்திருந்த நான்கு மாதம்

லீதியாள் நர்சம்மாவின் பழைய மோட்டார் சைக்கிள் சைடு ஸ்டாண்டில் அளவுக்கு மீறிச் சாய்ந்து நிற்பதைப் பார்த்து, இதோ விழுந்துவிடும், இதோ விழுந்துவிடும் என்று தபாலாபீசுக்கு வருகிறவர்கள் எல்லாம் சொல்லிச் சொல்லி மூன்று வருஷம் ஓடிப்போன பிறகு, ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில், வண்டி விழாமல் ஊர் சாய்ந்தது.

கிழக்கே மாரியம்மன் கோயில் மதிலிலிருந்து மேற்கே குளத்துக்கரை வரைக்கும், வீடும் கடையும் கிணறும் தென்னையும் தொழுவத்தில் கட்டியிருந்த மாடும் சேர்ந்து, சத்தம் எதுவும் இல்லாமல், தூங்குகிற பிள்ளை ஒருக்களித்துப் படுக்கிற மாதிரி கொழிஞ்சிப்பாளையம் மேற்காகச் சாய்ந்தது. டீக்கடையில் டம்ளர்கள் மேசை ஓரத்துக்கு நகர்ந்துபோய் நின்றன. சந்தையில் எலுமிச்சம்பழக் கூடை கவிழ்ந்து பழங்கள் தெருத்தெருவாக உருண்டன. அவற்றைத் தேடிப் போனவர்கள், எல்லாம் குளத்துக்கரையில் ஒரே குவியலாகக் கிடப்பதைப் பார்த்து, அள்ளிக்கொண்டு மேடேறித் திரும்பி வந்து வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள்.

அது கப்பலில் வந்த வண்டி. பெட்ரோல் டேங்கில் இருந்த கம்பெனிப் பெயர் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து இருபத்துநாலு வயதில் பிரசவம் பார்க்க வந்த லீதியாளுக்கு, ஆஸ்பத்திரி வேலையை விட்டுச் சொந்த நாட்டுக்குக் கிளம்பிய வெள்ளைக்கார டாக்டர் கொடுத்துவிட்டுப் போனது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் அதை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டால், எந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு வலி எடுத்திருக்கிறது என்று சுற்று வட்டாரமே விசாரிக்கும். எழுபது வயதில் முழங்கால் மடங்க மாட்டேன் என்றபோது, தபாலாபீசை ஒட்டிய தன் வீட்டு வாசலில் வடக்குப் பார்த்து அதை நிறுத்தினார். ஸ்டாண்டு கோத்திருந்த போல்ட்டின் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகி, அடிப்பட்டையும் மண்ணில் அரைபட்டு, மாதத்துக்கு ஒரு நூலளவு என்ற கணக்கில் வண்டி இடது பக்கம் இறங்கிக்கொண்டே வந்து, இதற்கு மேல் இறங்க இடமில்லை என்றானதும் ஊரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

முதல் வாரத்தில் சரிசெய்து பார்க்காமல் இல்லை. நாலு பேர் வண்டியைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் ஸ்டாண்டுக்கு அடியில் செங்கல் வைத்தார். ஊர் வெடுக்கென்று எழுந்தது. செங்கல் நொறுங்கியதும் திரும்பவும் இறங்கியது. அந்த ஒரு குலுக்கலில் ஊரிலிருந்த அத்தனை பரண்களிலிருந்தும் அண்டாக்கள் கீழே வந்தன. அடுத்ததாகக் கயிறு கட்டி, கிழக்கே இருந்த விளக்குக் கம்பத்தோடு இழுத்துப் பிடித்தார்கள். வண்டியோடு ஊரே சாயும்போது ஊரில் நட்ட கம்பம் மட்டும் எங்கே நிற்கும்? கயிறு இறுகவே இல்லை. கடைசியில் ரசமட்டம் எடுத்துக்கொண்டு ஒரு ஆபீசர் வந்தார். நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார். நாலிலும் குமிழி ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொள்ளவே, ரசமட்டம் பழுது என்று எழுதிக்கொண்டு போனார்.

அதன் பிறகு ஊர் சாய்வாக இருக்கக் கற்றுக்கொண்டது. ஆசாரிகள் கட்டில்களின் கிழக்குக் கால்களைச் சீவித் தந்தார்கள். சீவாமல் விட்ட வீடுகளில், பேச்சு வார்த்தை இல்லாமல் ஆளுக்கொரு ஓரமாகப் படுத்த புருஷன் பெண்டாட்டிகள் காலையில் ஒரே ஓரத்தில் விழித்தார்கள். அதில் சில வழக்குகள் கோர்ட்டுக்குப் போகாமலே முடிந்தன. ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் அப்பளமாகவும் வந்த இட்லிக்கு, அடுப்பின் கீழ் ஓட்டுச்சில்லு வைத்து மட்டம் பார்க்கப் பெண்கள் பழகினார்கள். கபடிக்குப் பாதி ஆட்டத்தில் பக்கம் மாற வேண்டும் என்று விதி வந்தது. சலூனில் எல்லோருக்கும் ஒரு கிருதா சற்றுக் குட்டையாகவே அமைந்தது. வெளியூர்க் கல்யாணங்களில், ஒரு பக்கம் தலையைச் சாய்த்துப் பேசுகிறவர்களைப் பார்த்தாலே, கொழிஞ்சிப்பாளையத்து ஆளுங்களா என்று கேட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

இதற்கு நடுவில், சென்னியப்பன் நேராக நடந்தார்.

சென்னியப்பனுக்குத் தெற்குத் தெருக்கோடியில், அரிசி ஆலைக்கு எதிரே ஒர்க்‌ஷாப். லேத்து வேலையும் இஞ்சின் வேலையும் அவருடையது. கேஸ் வெல்டிங் அவர் மனைவி துளசிமணியுடையது. சென்னியப்பனுக்கு வலது கால் இரண்டு விரல்கடை குட்டை. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதக் காய்ச்சல் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போயிருந்தது. நாற்பத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு அடிக்கும் தோள் ஒரு முறை இறங்கி, இடுப்பு ஒரு முறை சுற்றி, முகம் ஒரு முறை சுளித்துத்தான் அவர் தெருவில் போயிருக்கிறார். ஊர் சாய்ந்த எட்டாம் நாள், பார்சல் அனுப்புவதற்காக, அதன் பிறகு முதல் முறையாகத் தெருவில் வடக்கே நடந்தவர், அரிசி ஆலையைத் தாண்டியதும் நின்றார். என்னமோ குறைகிற மாதிரி இருந்தது. இன்னும் பத்தடி நடந்தார். சட்டைப் பையிலிருந்த பேனா ஆடவில்லை. வலது பக்கம் தரை உயர்ந்து, இடது பக்கம் தாழ்ந்து, குட்டைக் காலுக்கு மேடும் நெட்டைக் காலுக்குப் பள்ளமுமாகத் தெரு தானே அவருடைய அளவுக்கு வந்து நின்றிருந்தது.

பட்டறைக்குள்ளிருந்து கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்த துளசிமணி, “அதாரு, எங்கூட்டுக்காரரு சட்டையப் போட்டுட்டு நெட்டுக்குத்தலாப் போறது?” என்றாள். பிறகு கையிலிருந்த கேஸை அணைத்துவிட்டு, பின்னாலேயே ஓடி, அவரை எட்டிப் பிடித்து, தபாலாபீஸ் வரைக்கும் கூடவே நடந்தாள். கல்யாணமான இருபது வருஷத்தில் இருவர் தோளும் ஒரே மட்டத்தில் போனது அன்றைக்குத்தான்.

வடக்கே போகும்போதுதான் இந்த வரம். தெற்கே திரும்பி வரும்போது குட்டைக் கால் பள்ளத்திலும் நெட்டைக் கால் மேட்டிலும் விழுந்து, கால் இரண்டு மடங்கு இழுத்தது. அதனால் சென்னியப்பன் சாயங்காலம் துளசிமணியோடு தெருவின் வடக்குக் கோடி வரைக்கும் நடந்துபோய், அங்கே வந்து திரும்பும் டவுன் பஸ்ஸில் ஏறி ஒர்க்‌ஷாப்புக்கு வருவதென்று ஆயிற்று. டிரைவர் கை காட்டச் சொல்லாமலே நிறுத்தினார். அந்த நேரத்தில் கடைக்காரர்கள் தெருவில் நீட்டிக்கொண்டிருந்த சாமான்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சைக்கிள்காரர்கள் ஓரம் கட்டினார்கள். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே அத்தனை பேரும் பார்த்தார்கள். அந்த வாரத்திலிருந்து வண்டியைச் சரிசெய்வது பற்றிக் கொழிஞ்சிப்பாளையத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் போட்டு எடுத்த முடிவில்லை. யாரோ வெளியூர்க்காரர், “ஒரு ஸ்டாண்டுதானே, மாத்திட்டாப் போச்சு” என்றபோது, டீக்கடையில் இருந்த பத்துப் பேரும் ஒரே நேரத்தில் மழை எப்போது வரும் என்று பேச ஆரம்பித்தார்கள்.

மழை கார்த்திகையில் வந்தது. பத்து நாள் விடாமல் பெய்தது. சாய்ந்த ஊரின் தண்ணீரெல்லாம் மேற்கே ஓடிக் குளத்தில் சேர்ந்தது. குளமும் சாய்ந்தே இருந்ததால் கிழக்குக் கரையில் சேறு தெரிய, மேற்குக் கரையில் தண்ணீர் தளும்பி நின்றது. அந்தக் கரைக்கு அந்தப் பக்கம், தாழ்வில், நாற்பது வீடுகள் இருந்தன. மேக்கால வளவு என்று பேர்.

பதினோராம் நாள் காலையில் ஒர்க்‌ஷாப்பைத் திறந்த சென்னியப்பன், மேக்கால வளவு மயிலாத்தாள் தையல் மெஷினின் தலையைக் கழற்றிச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டு, மழையில் மேடேறி வருவதைப் பார்த்தார். பின்னால் இன்னும் நாலைந்து பேர், ஆடும் அடுக்குப் பாத்திரமுமாக.

“எங்கீங்க மயிலாத்தா, மெஷினத் தூக்கீட்டு?”

“பள்ளிக்கோடத்துல எடங் கேட்டுருக்குதுங்க. தண்ணி கரையத் தொட இன்னொரு சாண்தான் இருக்குது.”

“எங்கிட்ட ஏனுங்க ஒரு வார்த்த சொல்லுல?”

மயிலாத்தாள் மெஷினை இறக்காமலே நின்றாள். மழைத் தண்ணீர் அவள் முகத்தில் வழிந்தது. “உங்ககிட்ட வந்து எப்படீங்க கேக்கறது?” என்று சொல்லிவிட்டு, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தாள்.

சென்னியப்பன் அன்று எந்த வேலையும் செய்யவில்லை. ஒரு இஞ்சினைக் கழற்றிப்போட்டு, துடைத்து, அதையே திரும்ப மாட்டினார். நாற்பது வீட்டுச் சனம், வண்டியை நிமிர்த்தித் தரச் சொல்லித் தன்னைக் கேட்காமலேயே மூட்டை கட்டியிருக்கிறது என்பதை அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சாயங்காலம் துளசிமணி சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

“நடக்கப் போலாமுங்களா, மாமா?”

“போலாம்.”

மழை தூறலாகியிருந்தது. இருவரும் எப்போதையும்விட மெதுவாக நடந்தார்கள். அரிசி ஆலை, பூக்கடை, சலூன், பாத்திரக்கடை என்று ஒவ்வொன்றாகத் தாண்டினார்கள். தபாலாபீஸ் வந்ததும் சென்னியப்பன் நின்றார்.

“இத்தோட போதுமா?” என்றாள் துளசிமணி. அவர் என்ன முடிவெடுப்பார் என்று அவளுக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது.

“கோடி வரைக்கும் போயிரலாம்” என்றார் அவர். போனார்கள். பஸ்ஸில் ஏறி, நர்சம்மா வீட்டு வாசலில் இறங்கினார்கள்.

லீதியாள் நர்சம்மா கதவைத் திறந்தவுடனே சென்னியப்பன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “மாட்டேன் டே” என்றார். “என் வண்டி. நான் சொல்லாம ஒருத்தன் கை வைக்கப்பிடாது.”

“நர்சம்மா, கொளம்—”

“கொளத்த நான் பாக்கலேன்னா நெனச்ச? கரையில மண்ணு மூட்ட அடுக்கட்டும். நீ நடந்து போறத நெதமும் இந்தச் சன்னல் வழியாத்தான் பாக்கேன். உனக்குக் காய்ச்சல் வந்தப்போ நான் சிவன்மலைப் பக்கம் ஒரு பிரசவத்துல மாட்டிக்கிட்டேன். ஒரு நாள் பிந்தித்தான் வந்தேன். வந்த கையோட உன்ன இந்த டேங்கு மேலே கெடத்தி, மழையில பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். உசுரு நின்னுச்சு. காலு போச்சு. நாப்பத்திரெண்டு வருசமா நீ இந்தத் தெருவுல போம்போதெல்லாம் அந்த ஒரு நாள்தான் எனக்கு முன்னால போவும். இந்த நாலு மாசந்தான் மக்கா நான் நிம்மதியா இருந்தேன்.”

இந்தக் கதை சென்னியப்பனுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், நர்சம்மா மடியில் கிடந்து ஆஸ்பத்திரி போய்ப் பிழைத்தோம் என்பது மட்டுந்தான்.

“அந்தப் பிரசவம் என்னாச்சுங்க?” என்று கேட்டார்.

“ரெட்டப் புள்ள. ரெண்டும் கால் திரும்பிக் கெடந்துது. ஆனா தப்பிச்சிட்டுது.”

“அப்பறம் என்னுங்க நர்சம்மா” என்றார் சென்னியப்பன். அவர் குரல் இளகியிருந்தது. “மேக்கால வளவுல நாப்பது வீடுங்க. பாதிப் பேரு நீங்க எடுத்த புள்ளைங்கதான். மண்ணு மூட்டையெல்லாம் நிக்காதுங்க. காலைல வந்தர்றோம்.”

நர்சம்மா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். “பத்து மணிக்கு வா” என்றார். “அதுக்குள்ள நான் ஜெபம் முடிச்சிடுவேன்.”

மறுநாள் பத்து மணிக்கு ஊர் முழுக்க அங்கே கூடியிருந்தது. ஸ்டாண்டைக் கழற்றி, நிமிர்த்தி, தேய்ந்த ஓட்டைக்குள் புஷ் என்ற புது வளையத்தை அடித்து, அடியில் பட்டை வைத்து வெல்டிங் செய்து மாட்ட மூன்று மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் வண்டியை ஒருத்தர் நேராகப் பிடித்து நிற்க வேண்டும். வண்டி ஆடினால் ஊர் ஆடும்; ஊர் ஆடினால் கரை தாங்காது. அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ஆட்கள் முதலில் வந்தார்கள். பலத்துக்குக் குறைவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, “நேரா இருக்குதுங்க” என்றார்கள். சென்னியப்பன் தூக்குகுண்டை விட்டுக் காட்டினார். நூல் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். இன்னும் கொஞ்சம் கிழக்கே என்றால் அவர்களுக்குத் தலை சுற்றியது. ஒருவர் மாற்றி ஒருவராகப் பிடித்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் வண்டி மெல்ல மெல்ல மேற்கே வந்தது. நாலே மாதத்தில் நேர் எது என்பது கொழிஞ்சிப்பாளையத்துக்கு மறந்துபோயிருந்தது.

சென்னியப்பனுக்கு மறக்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் அது பிறவியிலேயே சும்மா கிடைத்தது. அவர் மட்டும் மூன்று வயதிலிருந்து ஒவ்வொரு அடியிலும் அதைத் தேடிப் பிடித்து நின்றவர்.

“நான் புடிக்கறேன்” என்றார். “தொளசி, நீ வேலையப் பாரு.”

வடக்குப் பார்த்து வண்டிக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி, டேங்கை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பற்றி, மூச்சை இழுத்து அதை நிமிர்த்தினார். ஊர் மெல்ல, ஒரு டம்ளர்கூட நகராமல், எழுந்தது. எழ எழ அவருடைய வலது குதிகால் தரையை விட்டு மேலே வந்தது. தூக்குகுண்டின் நூல் வண்டியோடு ஒட்டி நின்றபோது, அவர் ஒரு முழுக்காலிலும் ஒரு கட்டைவிரலிலும் நின்றுகொண்டிருந்தார். அந்த ஒன்றரைக் காலின் மேல் மாரியம்மன் கோயிலும் சந்தையும் பள்ளிக்கூடமும் குளமும் தென்னந்தோப்பும் நின்றன. தூரத்தில் மேற்குக் கரையிலிருந்து யாரோ, “தண்ணி எறங்குது, எறங்குது” என்று கத்தினார்கள்.

துளசிமணி தரையில் உட்கார்ந்தாள். போல்ட்டை மண்ணெண்ணெய் விட்டு இளக்கிக் கழற்றினாள். ஸ்டாண்டைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அளவாக நாலு தட்டுத் தட்டி வளைவெடுத்தாள். அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அடி தப்பிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். நர்சம்மா நாற்காலி கொண்டுவரச் சொல்லி அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவருடைய மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு, அரை மணிக்கு ஒரு முறை சீனித் தண்ணீர் புகட்டினார். ஒரு மணி நேரத்தில் அவர் தொடை ஆட ஆரம்பித்தது. இரண்டாம் மணி நேரத்தில் சட்டை நனைந்து ஒட்டியது. ஹேண்டில்பார் ஆடவில்லை. 

புஷ் அடித்து முடித்து, அடிப்பட்டையை வைத்து வெல்டிங் செய்யும் முன், துளசிமணி சாக்பீஸால் இரண்டு கோடு போட்டாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

“எப்படியும் கொஞ்சஞ் சாச்சுத்தானுங்க வெக்கோணும். இல்லீனா அந்தப் பக்கம் உளுந்துரும். இந்தக் கோட்டுல வெச்சாச் சரியா இருக்கும். அந்தக் கோட்டுல வெச்சா…” சாக்பீஸால் இரண்டாவது கோட்டை இன்னொரு முறை அழுத்திப் போட்டாள். “அந்தக் கோட்டுல வெச்சாலும் கொளம் தாங்கும் மாமா. உங்களுக்கும் பாதியாச்சும் மிஞ்சும்.”

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். வியர்வை இமை வழியாக இறங்கியது.

“தைமாசம் வரைக்கும் மழ இருக்குது, அம்மிணி” என்றார். “சரியான கோட்டுலயே வெய்யி.”

அவள் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டாள். வெல்டிங் பொறி பறந்த நேரம் முழுக்க அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் அழுதாள். ஆனாலும் பற்றவைப்பு ஒரு புள்ளிகூட விலகாமல், தானியக் கதிர் மாதிரி அடுக்கடுக்காக விழுந்தது.

ஸ்டாண்டை மாட்டி, போல்ட்டை இறுக்கி, “விடுங்க” என்றாள். சென்னியப்பன் வண்டியை விரல் விரலாக இறக்கினார். ஸ்டாண்டு மண்ணில் ஊன்றியது. எந்த வண்டியும் நிற்கிற மாதிரி, கொஞ்சமே கொஞ்சம் சாய்ந்து, அது அழகாக நின்றது. கொழிஞ்சிப்பாளையமும் அப்படியே நின்றது. அந்தச் சாய்வு சொன்னால்தான் தெரியும்.

அவர் கையை எடுத்துவிட்டு, வண்டியிலிருந்து காலை எடுத்து விலகி, வடக்கே ஒரு அடி எடுத்து வைத்தார். நான்கு மாதமாகச் சாய்ந்த தரையில் நேராக நடந்து பழகிய உடம்பு, தோளை இறக்கவும் இடுப்பைச் சுற்றவும் மறந்திருந்தது. வலது கால் தரையைத் தேடி, கிடைக்காமல், சென்னியப்பன் நடுத்தெருவில் விழுந்தார்.

யாரும் ஓடிவந்து தூக்கவில்லை. துளசிமணி அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள். நர்சம்மா நாற்காலியை விட்டு எழுந்து, மடங்காத முழங்காலை நேராக நீட்டிக்கொண்டு, முனகிக்கொண்டே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மயிலாத்தாள் உட்கார்ந்தாள். அரிசி ஆலை ஆட்கள் தோள் துண்டை ஈரத் தரையில் விரித்து உட்கார்ந்தார்கள். சலூன்காரர், பூக்கடைக்காரி, தபால்காரர், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்வரிசைக்காரர்கள் என்று, அரிசி ஆலை வரைக்கும் தெரு மொத்தமும், அதுதான் வழக்கம் என்பது போலத் தரையில் உட்கார்ந்தது. வடக்கேயிருந்து வந்த டவுன் பஸ் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, இஞ்சினை அணைத்து, இறங்கிவந்து அவரும் உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் தட்டுத் தட்டாக டீ கொண்டுவந்தார். மழை பற்றிப் பேசினார்கள். இந்த வருஷம் மஞ்சள் நன்றாக வரும் என்று யாரோ சொன்னார்கள்.

சென்னியப்பன் டீயைக் குடித்து முடித்தார். வலது தொடையை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு இடது காலை ஊன்றி, தோளை இறக்கி, இடுப்பைச் சுற்றி, தானாகவே எழுந்தார். யாரும் கை நீட்டவில்லை.

“வண்டி மூணு வருசமா நிக்குது, நர்சம்மா” என்றார். “காப்பரேட்டரு கெட்டிருக்கும். சாயங்காலமா வந்து கழட்டிப் பாக்கறேன்.”

“வா டே. நானும் கூட இருக்கேன்” என்றார் நர்சம்மா.

அவர் ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துத் தெற்கே நடக்க ஆரம்பித்தார். அவர் நடக்க நடக்க, உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொரு வரிசையாக எழுந்து, வேட்டியையும் சேலையையும் தட்டிக்கொண்டு வழி விட்டார்கள். இந்த முறை எல்லோரும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள்.